மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசன், வீடு அண்ணா நகரில்: மனைவிக்கு கிரீன் கார்டு மனு எங்கிருந்து போடுவது?

1990களின் கடைசியில் ஒய்2கே வேலைக்காக அமெரிக்கா போன தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதி சில ஆண்டுகளிலேயே ஊர் திரும்பிவிட்டது. டாட்காம் சரிவு, 2008 மந்தநிலை, வயதான பெற்றோர், ‘பிள்ளை தமிழை மறந்துடுவான்’ என்ற பயம் என்று காரணங்கள் பல. அந்த வீடுகளில் நியூ ஜெர்சியிலோ டெக்ஸாஸிலோ பிறந்த குழந்தைகளுக்கு இப்போது இருபத்தைந்து, முப்பது வயது. படித்தது இங்கே. வேலை ஓ.எம்.ஆரில். பாஸ்போர்ட் மட்டும் அமெரிக்காவுடையது, கூடவே ஒரு ஓசிஐ அட்டை.

இப்போது இவர்களுக்குக் கல்யாண சீசன். ‘மாப்பிள்ளை சிட்டிசன்தானே, ஒரு ஃபார்ம் போட்டா பொண்ணுக்கும் கிரீன் கார்டு வந்துடும்’ என்று பெண் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளையும் பெரும்பாலும் அதையேதான் நம்புகிறார். அந்த முதல் ஃபார்மைப் போடுவது உண்மையிலேயே சுலபம்தான். சிக்கல் ஓராண்டு கழித்து, வேறொரு ஃபார்மில் வருகிறது. மனைவியை அமெரிக்காவுக்கு அழைக்கும் நீங்கள் முதலில் எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்று அது கேட்கும். அண்ணா நகரில் உட்கார்ந்துகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது?

முதல் படி: ஐ-130

அமெரிக்க சிட்டிசன் தன் கணவரையோ மனைவியையோ அழைத்துக்கொள்ளப் போடும் மனுவின் பெயர் ஐ-130. கூடவே மனைவியின் விவரங்களுக்கு ஐ-130ஏ என்ற இணைப்பு. இதைப் பெறுவது யுஎஸ்சிஐஎஸ் என்ற அமெரிக்கக் குடியேற்றத் துறை. ஆன்லைனில் போட்டால் கட்டணம் 625 டாலர், காகிதத்தில் போட்டால் 675 டாலர். 2024 ஏப்ரலில் வந்த கட்டணம் இது.

சிட்டிசனின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீடு, நாட்டு வரிசை எதுவும் கிடையாது. வேலை வழி கிரீன் கார்டுக்காக இந்தியர்கள் பத்தாண்டுக் கணக்கில் காத்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனு பரிசீலிக்கப்படும் நேரம்தான் காத்திருப்பு. அதுவே ஓராண்டைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. அடுத்து வரும் விசா கட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் ஒன்றரை ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுக்கும் மேல்.

ஒரு காலத்தில் வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி இருந்தது. அந்த நாட்டில் உள்ள யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்திலேயே மனுவைக் கொடுக்கலாம். இந்தியாவில் வசித்தவர்கள் டெல்லி அலுவலகத்தில் கொடுத்தார்கள். சில மாதங்களில் வேலை முடிந்துவிடும். 2020 பிப்ரவரி 1 முதல் அந்த வழி அடைக்கப்பட்டது. இப்போது சென்னையிலிருந்து போட்டாலும் சிகாகோவிலிருந்து போட்டாலும் ஒரே ஆன்லைன் தளம், ஒரே வரிசை. பழைய அனுபவத்தை வைத்து ‘டெல்லியில குடுத்தா மூணு மாசத்துல முடிஞ்சிடும்’ என்று சொல்லும் உறவினர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அந்தக் காலத்து நடைமுறை.

அப்போ தூதரகத்தில் நேரடியாகப் போடவே முடியாதா? விதிவிலக்குகள் இருக்கின்றன. அவசர மருத்துவத் தேவை, உயிருக்கு ஆபத்து, ராணுவப் பணியில் திடீர் இடமாற்றம் போன்றவை. இளம் வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் பட்டியலில் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் சிட்டிசனுக்கு அமெரிக்காவில் வேலையோ இடமாற்றமோ கிடைத்து, சேர வேண்டிய தேதி மிக நெருக்கத்தில் இருந்தால், தூதரகம் மனுவை ஏற்றுக்கொள்ளலாம். ‘லாம்’ என்பதை அழுத்திப் படிக்கவும். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி யுஎஸ்சிஐஎஸ் குடும்ப மனுக்களுக்கான வழிகாட்டுதல்களைப் புதுப்பித்தது. வெளிநாட்டில் ராணுவ, அரசுப் பணியில் உள்ளவர்கள் எப்போது நேரடியாக மனுப் போடலாம், பெரிய பேரிடர் சூழலில் என்ன செய்யலாம் என்பது அதில் தெளிவாக்கப்பட்டது. ஓ.எம்.ஆர் ஐடி ஊழியருக்கு அதனால் எதுவும் மாறவில்லை. திருமணம் உண்மையானதா என்பதை இன்னும் கறாராகப் பார்ப்போம் என்ற செய்திதான் அதில் எல்லோருக்குமானது.

காகித வழியை நம்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 அக்டோபர் கடைசியிலிருந்து யுஎஸ்சிஐஎஸ் பொதுவாக காசோலை, மணி ஆர்டர் வாங்குவதில்லை. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொள்ள அனுமதி தர வேண்டும், அல்லது கார்டு விவரம் தர வேண்டும். குழந்தையாக இருந்தபோதே ஊர் திரும்பியவருக்கு அமெரிக்க வங்கிக் கணக்கு எங்கே இருக்கப்போகிறது? ஆன்லைனே மேல்.

கல்யாணம் நடந்ததற்கு என்ன சாட்சி?

மனுவோடு திருமணச் சான்றிதழ் வைக்க வேண்டும். மண்டபத்தில் கொடுத்த ரசீதும் கோயில் சீட்டும் போதாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னொரு 60 நாள் உண்டு. ரிசெப்ஷன் வீடியோவுக்கு ட்ரோன் புக் செய்பவர்கள்கூட சார்பதிவாளர் அலுவலகத்தை மறந்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் கல்யாணம் நடந்ததைத்தான் சொல்லும். அது கிரீன் கார்டுக்காக நடந்த கல்யாணம் இல்லை என்பதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். வெளிநாட்டில் சேர்ந்து வாழும் தம்பதிக்கு இங்கே ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. கணவர் டல்லாஸில், மனைவி திண்டுக்கல்லில் என்று இருப்பவர்கள் வாட்ஸ்ஆப் அழைப்புப் பட்டியலையும் விமான டிக்கெட்டுகளையும் காட்டித்தான் உறவை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு வாழ்க்கையே ஆதாரம்.

ஆனா நம் ஊர் வாழ்க்கை காகிதத்தில் அப்படித் தெரிவதில்லை. வீடு மாமனார் பெயரில், ஈபி பில்லும் அவர் பெயரில். சம்பளக் கணக்கு தனித்தனி. கூட்டுக் குடும்பத்தில் இருப்பதால் வாடகை ஒப்பந்தம் என்ற ஒன்றே இல்லை. அமெரிக்க அதிகாரி எதிர்பார்க்கும் கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் இரண்டுமே காணாது. அதனால் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே சில விஷயங்களைச் செய்துவைப்பது நல்லது. ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி அதில் உண்மையிலேயே செலவு செய்வது, பி.எஃப், எல்.ஐ.சி.யில் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடுவது, மனைவியின் ஆதார் முகவரியை மாற்றுவது, அவருடைய பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்ப்பது. இரு வீட்டார் பெயரும் போட்ட கல்யாணப் பத்திரிகை, சொந்தக்காரர்களோடு எடுத்த படங்கள் எல்லாம் துணைக்கு வரும். தமிழில் உள்ள எதற்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம்.

அடுத்து, தமிழர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். கணவரின் அமெரிக்க பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும். மனைவியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்’ என்று ஒரே எழுத்து, ஆதாரில் அது விரிந்து அப்பாவின் முழுப்பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அவருடைய பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று விழும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அமெரிக்காவில் டிரைவிங் லைசென்ஸ், வங்கி எல்லா இடத்திலும் அந்த மூன்றெழுத்து கூடவே வரும். மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிட்டால் பின்னால் பல மணி நேரம் மிச்சம்.

உண்மையான சுவர்: ‘உங்க வீடு எங்கே?’

ஐ-130 அங்கீகரிக்கப்பட்டதும் கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே 325 டாலர் விசா கட்டணம், 120 டாலர் நிதி ஆவணக் கட்டணம். அந்த நிதி ஆவணம்தான் ஐ-864. என் மனைவி அரசு உதவியை நம்பி வாழ மாட்டார், அவருடைய செலவுக்கு நான் பொறுப்பு என்று சிட்டிசன் எழுதித் தரும் உறுதிமொழி. சட்டப்படி செல்லும் ஒப்பந்தம் இது. விவாகரத்து ஆனாலும் முடியாது. மனைவி சிட்டிசன் ஆகும்வரை, அல்லது சுமார் பத்தாண்டு வேலைக்குச் சமமான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும்வரை தொடரும். வேறு சில முடிவுகளும் உண்டு, ஆனா ‘பிரிஞ்சுட்டோம்’ என்பது அதில் ஒன்று கிடையாது.

இந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட சிட்டிசனாக இருந்தால் மட்டும் போதாது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், அமெரிக்காவில் ‘டோமிசைல்’ இருக்க வேண்டும். தமிழில் நிரந்தர வசிப்பிடம் என்று சொல்லலாம். இப்போது தற்காலிகமாக எங்கே இருந்தாலும், வாழ்க்கையின் மையம் எந்த நாட்டில் என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டில் இருந்தாலே டோமிசைல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அமெரிக்க அரசு வேலையிலோ, வெளிநாட்டு வணிகத்தில் உள்ள அமெரிக்க நிறுவனத்தின் பணியிலோ, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனத்திலோ, சில சர்வதேச அமைப்புகளிலோ வெளியே அனுப்பப்பட்டவருக்குச் சலுகை உண்டு. இரண்டு வருட புராஜெக்டுக்கு பெங்களூரு வந்தவர், அங்கே வங்கிக் கணக்கு, மாநில வரி, வாக்காளர் பதிவு, நிரந்தர முகவரி எல்லாம் வைத்திருந்தால் ‘போய்வரப் போனேன்’ என்று காட்டிவிடலாம்.

நான்கு வயதில் ஊர் திரும்பிய நம் மாப்பிள்ளைக்கு இதில் எதுவும் இல்லை. அவர் விட்டுவைத்துவிட்டு வந்தது என்று அங்கே ஒன்றுமே கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி அட்டை அப்பாவின் ஏதோ ஒரு பழைய ஃபைலில் இருக்கலாம். ஐ-864-இல் அந்த எண்ணைக் கேட்பார்கள் என்பதால் முதலில் அதைத் தேட வேண்டும்.

இவருக்கு மீதமுள்ள வழி, இனிமேல் அங்கே குடியேறப் போகிறேன் என்று நிரூபிப்பது. மனைவி அமெரிக்காவில் நுழையும் நாளுக்குள், அல்லது அதே நாளில், தானும் அங்கே குடியேற வேண்டும் என்பது விதி. ‘போகணும்னு ஆசை இருக்கு’ என்ற ஒரு கடிதம் போதாது. அமெரிக்க வங்கிக் கணக்கு தொடங்கி இங்கிருந்து பணம் மாற்றியது, அங்கே வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், ஆஃபர் லெட்டர், வீட்டு வாடகைக்குப் பேசியது, குழந்தைக்குப் பள்ளி பார்த்தது, இங்கே வேலையை விடுவதற்குக் கொடுத்த கடிதம், சாமான் அனுப்ப வாங்கிய கொட்டேஷன் என்று செய்த காரியங்களைக் காட்ட வேண்டும். சித்தப்பா வீட்டு முகவரியில் தங்குவதாக இருந்தால், அவர் எழுதித் தரும் கடிதமும் அதில் சேரும்.

இங்கேதான் தம்பதிக்கு உண்மையான முடிவு வருகிறது. கணவர் இங்குள்ள வேலையை எப்போது விடுவது? சீக்கிரம் விட்டு அமெரிக்கா போய் வேலை தேடினால் டோமிசைல் பிரச்சினை அடியோடு தீர்ந்துவிடும். ஆனா விசா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டு பிரிந்திருக்க நேரிடும். சேர்ந்தே இருந்து கடைசி நிமிடத்தில் கிளம்பினால், நேர்காணலில் அதிகாரி ஆதாரம் போதாது என்று 221ஜி சீட்டைக் கையில் கொடுத்து நிறுத்திவைக்கலாம். அதுவும் முழு மறுப்பு கிடையாது, கேட்டதைக் கொடுத்தால் கோப்பு மறுபடி நகரும்.

பல தம்பதிகள் நடுவழி ஒன்றை எடுக்கிறார்கள். மனு அங்கீகாரம் ஆகும்வரை சேர்ந்தே இருப்பது, கோப்பு விசா மையத்துக்குப் போன பிறகு கணவர் முன்னால் கிளம்புவது. வேலை கிடைக்கும் நம்பிக்கை இருப்பவர்களுக்கு இது நியாயமான கணக்கு. ‘ரிமோட் வேலைதான், எங்கிருந்து வேணா பாக்கலாம்’ என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடம் மாறினாலும் அதே சம்பளம் தொடரும் என்று அந்த நிறுவனம் எழுதித் தருமா? அங்கேதான் அடுத்த பிரச்சினை ஆரம்பம்.

ரூபாய் சம்பளம் கணக்கில் வராது

ஐ-864-க்கு வருமான வரம்பு உண்டு. அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம். 2025 அளவின்படி கணவன், மனைவி இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,437 டாலர். இந்த எண் ஆண்டுதோறும் மாறும்.

சென்னையில் மாதம் மூன்று லட்சம் ரூபாய் வாங்குபவர் ‘இது எனக்கு ஜுஜுபி’ என்று நினைக்கலாம். ஆனா அமெரிக்கா போனதும் நின்றுபோகும் சம்பளத்தை அதிகாரி கணக்கில் எடுக்க மாட்டார். அதே நிறுவனத்திலிருந்து, அதே வருமானம், அங்கேயும் தொடரும் என்று காட்டினால்தான் செல்லும்.

வருமானம் இல்லாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். சிட்டிசனின் மனைவிக்கு, குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து வேண்டும். வருமானமே பூஜ்யம் என்றால் 26,437-இன் மூன்று மடங்கு, அதாவது 79,311 டாலர். ஓராண்டுக்குள் பணமாக்க முடிகிற சொத்தாக இருக்க வேண்டும். வில்லங்கம் ஓடிக்கொண்டிருக்கும் தாத்தா நிலம் உதவாது.

அதனால்தான் பெரும்பாலானோர் கூட்டு ஸ்பான்சரைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் வசிக்கும் சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு வைத்திருக்கும் யாராவது ஒருவர், உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தன் வருமானத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடலாம். அத்தையிடமோ சித்தப்பாவிடமோ கேட்கும்போது, மேலே சொன்ன விவாகரத்துக்கும் அசையாத பொறுப்பில் அவரும் மாட்டுகிறார் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் மரியாதை.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கூட்டு ஸ்பான்சர் பணக்குறையைத்தான் தீர்ப்பார். டோமிசைல் குறையைத் தீர்க்க மாட்டார். மனுதாரருக்கு அமெரிக்காவில் வசிப்பிடம் இல்லை என்றால், சித்தப்பா கோடீஸ்வரராக இருந்தாலும் கோப்பு நகராது.

பிறகு வரி. அமெரிக்க சிட்டிசன் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வரிக்கணக்கு காட்ட வேண்டும் என்பது ஓ.எம்.ஆர் சிட்டிசன்கள் பலருக்கு ஐ-864 படிக்கும்போதுதான் தெரியவருகிறது. வெளிநாட்டில் சம்பாதித்த வருமானத்தில் 2025-ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்குக் கேட்கலாம் என்பதால் வரி பெரும்பாலும் பூஜ்யமாகவே வரும். ஆனா கணக்கைத் தாக்கல் செய்தால்தான் விலக்கு. வெளிநாட்டு மனைவி உள்ளவர் பொதுவாகத் திருமணமானவர், தனித் தாக்கல் என்ற பிரிவில் வருவார். அந்தப் பிரிவில் தாக்கல் கட்டாயமாகும் வருமான வரம்பு என்ன தெரியுமா? 5 டாலர். எழுத்துப் பிழை இல்லை, ஐந்தே டாலர்தான்.

ஐ-864-உடன் கடைசி ஆண்டின் வரித் தாக்கல் நகல் வைக்க வேண்டும். இத்தனை ஆண்டும் செய்யவில்லை என்றால்? வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கு ஒரு சீரமைப்புத் திட்டம் இருக்கிறது. கடைசி 3 ஆண்டு வரித் தாக்கல், கடைசி 6 ஆண்டு வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை. இந்திய வங்கிக் கணக்குகளில் சேர்த்து ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அந்த அறிக்கை தேவை. கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும்போதே இதை முடித்துவிடலாம். விசா கட்டத்தில் அவசரமாகச் செய்தால் மாதங்கள் போகும்.

இடையில் குழந்தை பிறந்தால்

இரண்டு ஆண்டு நடைமுறை, புதுத் தம்பதி. நடுவில் குழந்தை பிறப்பது இயல்பு. ‘அப்பா சிட்டிசன், அதனால குழந்தையும் சிட்டிசன்’ என்று எல்லோரும் நினைப்பார்கள். அமெரிக்காவுக்கு வெளியே பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை போய்ச்சேர, பெற்றோரில் ஒருவர் மட்டும் சிட்டிசன் என்றால், அவர் குழந்தை பிறப்பதற்கு முன் அமெரிக்காவில் மொத்தம் 5 ஆண்டு இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டு அவருடைய 14 வயதுக்குப் பிறகு. நான்கு வயதில் ஊர் வந்து இங்கேயே வளர்ந்தவரால் இதைக் காட்ட முடியாது.

அந்தக் குழந்தை இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள். அப்பா குழந்தைக்கும் தனியாக ஒரு ஐ-130 போட வேண்டும். சிட்டிசன் போடும் மனைவி மனுவில் குழந்தையை ஒட்டி அழைத்துப்போக வழியில்லை. ஒவ்வொருவருக்கும் தனி மனு, தனிக் கட்டணம். மனைவியின் விசா தயாராகிக் குழந்தையின் மனு அப்போதுதான் ஆரம்பித்தால் என்ன நிலைமை என்று சொல்லத் தேவையில்லை. குழந்தை பிறந்த உடனே மனுப் போடுவதுதான் தற்காப்பு. ஒரு ஆறுதல்: குடியேற்ற விசாவில் போய் அமெரிக்காவில் சிட்டிசன் அப்பாவோடு வசிக்கத் தொடங்கியதும், 18 வயதுக்குட்பட்ட அந்தக் குழந்தை சட்டப்படி தானாகவே சிட்டிசன் ஆகிவிடும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால் கதையே வேறு

இதுவரை சொன்னது சிட்டிசன்களுக்கு. கிரீன் கார்டு மாப்பிள்ளை அதே ஐ-130-ஐத்தான் போடுவார். ஆனா அவருடைய மனைவி எஃப்2ஏ என்ற ஒதுக்கீட்டுப் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பது ஒவ்வொரு மாத விசா புல்லட்டினிலும் மாறும்.

‘சரி, அதுவரை நான் சென்னையில் அவளோடு இருக்கிறேன்’ என்று வந்து உட்கார்ந்தால் ஆபத்து அவருடைய அட்டைக்கே. தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்விகள் வரும். ஓராண்டைத் தாண்டினால், முன்பே எடுத்த ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் அந்த அட்டையைக் காட்டி உள்ளே போக முடியாது. பெர்மிட் பொதுவாக 2 ஆண்டு வரை தருவார்கள், அதற்கு விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். அவர் அட்டையை இழந்தால் மனைவிக்குப் போட்ட மனுவும் அதோடு போச்சு.

இதைவிட வேடிக்கை, எச்-1பி விசாவில் இருப்பவர் கல்யாணம் முடிந்ததும் மனைவியை எச்-4இல் அழைத்துப்போக விண்ணப்பிக்கலாம். அவரைவிட உயர்ந்த நிலையில் இருப்பதாக ஊர் நினைக்கும் கிரீன் கார்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அதனால், வேலை வழி கிரீன் கார்டு கைக்கு வரப்போகும் கட்டத்தில் இருப்பவர்கள் கல்யாணத் தேதியைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து இந்த நாள்காட்டியிலும் பார்ப்பது நல்லது. கிரீன் கார்டு கிடைப்பதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால், மனைவி அதே வேலைவழி மனுவின் தொடர்ச்சியாக வரலாம், ஐ-130 தேவையில்லை. ஒரு வாரம் கழித்துத் தாலி கட்டினால் எஃப்2ஏ வரிசை.

டூரிஸ்ட் விசாவில் மனைவியை அழைத்துப்போய் அங்கேயே கிரீன் கார்டு போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதை வைத்து விமானம் ஏறக் கூடாது. தங்கும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலாப் பயணி என்று சொல்லி நுழைவது தவறான தகவல் என்று பதிவானால், அது வாழ்நாள் தடைவரை போகலாம்.

மனைவியை அழைப்பது உரிமையா?

2024 ஜூன் 21-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இந்தத் தம்பதிகள் எல்லோரையும் தொடுகிறது. சாண்ட்ரா முனோஸ் என்ற அமெரிக்க சிட்டிசன், எல் சால்வடார் நாட்டுக் கணவருக்காக நடத்திய வழக்கு அது. மனு அங்கீகரிக்கப்பட்ட பிறகும் சான் சால்வடார் தூதரகம் கணவருக்கு விசா மறுத்தது. 6-3 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் சொன்னது: வெளிநாட்டுக் கணவரையோ மனைவியையோ நாட்டுக்குள் அனுமதிக்கச் செய்வது சிட்டிசனின் அடிப்படை அரசியல் சட்ட உரிமை அல்ல. நடைமுறையில் இதன் பொருள், தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஐ-130 அங்கீகாரம் வந்த அன்று ஸ்வீட் வாங்கலாம், ஆனா அது விசா கிடையாது.

இந்த இறுக்கம் அமெரிக்காவில் மட்டும் இல்லை. இலங்கைத் தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவில், வெளிநாட்டில் வசிக்கும் குடிமகன் மனைவிக்கு ஸ்பான்சர் செய்யலாம், மனைவிக்கு நிரந்தரக் குடியுரிமை வரும்போது தானும் கனடாவில் வாழப்போவதாகக் காட்ட வேண்டும். பி.ஆர் மட்டும் வைத்திருப்பவர் கனடாவுக்கு வெளியே இருந்துகொண்டு ஸ்பான்சர் செய்யவே முடியாது. பிரிட்டனில் வருமான வரம்பு 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு. வெளிநாட்டிலிருந்து மனைவியோடு திரும்பும் பிரிட்டிஷ் குடிமகன் அங்கே 3 மாதத்துக்குள் தொடங்கும் வேலை ஆஃபரையும் காட்ட வேண்டிவரும்.

மும்பைக்கு டிக்கெட் போடும் முன்

சென்னை துணைத் தூதரகத்தில் எச்-1பி ஸ்டாம்பிங் பார்த்துப் பழகியவர்களுக்கு: குடியேற்ற விசா நேர்காணல்களின் முக்கிய மையம் மும்பை. 2025 நவம்பர் முதல், வசிக்கும் நாட்டிலோ குடியுரிமை உள்ள நாட்டிலோதான் நேர்காணல் என்பது பொது விதி. துபாயிலோ சிங்கப்பூரிலோ சில ஆண்டுகள் இருந்தவர்கள் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் கொடுக்க வேண்டும். ஓராண்டு அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு பழைய நாட்டுக்கும் அது தேவை. அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவைத்தவர்கள் புத்திசாலிகள்.

மனுவில் தொடங்கி அமெரிக்காவில் இறங்கும்வரை அரசுக் கட்டணம் மட்டும் 625, 325, 120, கடைசியில் கிரீன் கார்டு அச்சிட 235, ஆக 1,305 டாலர். மருத்துவப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு, மும்பைப் பயணம் தனி.

நுழையும் நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு முடியவில்லை என்றால் கிடைப்பது 2 ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட வேண்டும், மறுபடி ஆதாரம், மறுபடி கட்டணம். இரண்டாவது திருமண நாள் தாண்டியிருந்தால் நேராக 10 ஆண்டு அட்டை. விசா பொதுவாக 6 மாதம் வரை செல்லும் என்பதால், இரண்டாம் ஆண்டு நிறைவு பக்கத்தில் வந்துவிட்ட தம்பதிகள் சிலர் பயணத்தைச் சில வாரம் தள்ளிப்போடுகிறார்கள். விசாவில் நிபந்தனைப் பிரிவின் குறியீடு இருந்தாலும், விமான நிலைய அதிகாரியிடம் கல்யாணத் தேதியைச் சொன்னால் அங்கேயே மாற்றித் தருவார்கள். அந்த கவுன்டரில் மனைவி நிற்கும்போது கணவர் அவருடன் வந்திருக்க வேண்டும், இல்லை அவருக்கு முன்பே வந்து குடியேறியிருக்க வேண்டும்.